நாலாம் மாடித் தண்ணீர்

என் தங்கைக்குத் தூசி ஆகாது. அவள் பார்க்கும் வேலையோ தங்கும் விடுதியில் அறைகளைச் சுத்தம் செய்வது. படுக்கையை உதறினால் தும்முவாள், திரைச்சீலையைக் கழற்றினால் தும்முவாள், கம்பளத்தைச் சுருட்டினால் பத்துத் தும்மல் வரிசையாக வரும். கூட வேலை செய்பவர்கள் அவளுக்குத் 'தும்மல்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். தும்மல் எந்த மாடியில் இருக்கிறாள் என்று ஏறி இறங்கித் தேட வேண்டாம், படிக்கட்டில் நின்று காதைத் தீட்டிக்கொண்டால் போதும் என்பார்கள். வீட்டில் மட்டும் அவள் பாப்பா. முப்பத்தெட்டு வயதுப் பாப்பா. என்னைவிடப் பதினான்கு வயது சின்னவள், எங்களோடுதான் இருக்கிறாள், அந்தப் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

அதே விடுதியில் குழாய், மோட்டார், கொதிகலன் எல்லாம் என் பொறுப்பு. பதினாறு வருடமாக அந்தக் கட்டடத்தில் தண்ணீர் எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்பது எனக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் தெரியும். அவளுக்கு அங்கே வேலை வாங்கிக் கொடுத்ததும் நான்தான். தூசி ஆகாதவளுக்குத் தூசி தட்டும் வேலை வாங்கிக் கொடுத்த புத்திசாலி அண்ணன் என்று என் மனைவி இன்றைக்கும் குத்திக்காட்டுவாள்.

அதனால் பாப்பாவுக்கு மூச்சு இழுத்தபோது வீட்டில் யாரும் பெரிதாகப் பதறவில்லை. நாலாம் மாடி பதினோரு வாரம் மூடிக் கிடந்தது. சுவரில் ஈரம் ஊறிப் பூச்சு உதிர்ந்துபோக, பழுது பார்ப்பதற்காகப் பூட்டியிருந்தார்கள். வேலை முடிந்த கையோடு, ஒரு பெரிய கூட்டம் தங்க வருகிறது என்று மேனேஜர் அவசர அவசரமாகத் திறக்கச் சொல்லிவிட்டார். இருபத்துநாலு அறைகள். அன்றைக்கென்று அவளோடு சேர்ந்து அறைகளைச் சுத்தம் செய்யும் இன்னொருத்தி விடுப்பில் இருந்தாள். பாப்பா ஒருத்தியே காலையிலிருந்து சாயங்காலம் வரை கூட்டித் துடைத்தாள். கண் சிவந்து, மூக்கு ஒழுக, இன்ஹேலரை உறிஞ்சிக்கொண்டே வீட்டுக்கு வந்தாள். பூச்சுத் தூசி, மூடின அறையின் பூஞ்சை, கம்பளத்தில் மக்கிக் கிடந்த அழுக்கு எல்லாம் சேர்ந்தால் அப்படித்தான் ஆகும். இரண்டு நாளில் அது அடங்கியும் போனது.

ஆறாம் நாள் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் இல்லை, கட்டிலே ஆடும்படி நடுக்கம். வறட்டு இருமல், மண்டையைப் பிளக்கும் தலைவலி, கூடவே வயிற்றுப்போக்கு. எத்தனையோ வருடமாக இவளுடைய இழுப்பைப் பார்த்தவன் நான். இழுப்பு வந்து இவளுக்கு ஒருநாளும் வயிறு போனதில்லை. அதைக் கவனித்தேன். கவனித்துவிட்டு, கவனிக்காதவன் மாதிரி வெந்நீர் வைக்கப் போனேன்.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். இதை எத்தனை பேரிடம் எத்தனை விதமாக மறைத்தாயிற்று, உங்களிடமும் மறைத்து என்ன ஆகப் போகிறது.

மூடிக் கிடக்கும் மாடிகளுக்கு ஒரு விதி உண்டு. வாரத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு அறைக்கும் போக வேண்டும். குழாயையும் ஷவரையும் ஐந்து நிமிடம் திறந்து விட வேண்டும். வெந்நீரில் தெர்மாமீட்டரைப் பிடித்து, ஐம்பது டிகிரிக்கு மேல் இருக்கிறதா என்று பார்த்து, பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இதற்காகவே எங்களை ஒருநாள் வகுப்புக்கு அனுப்பினார்கள். வெதுவெதுப்பாகத் தேங்கிக் கிடக்கும் தண்ணீரில் ஒரு கிருமி வளரும், குடித்தால்கூட அவ்வளவு பயமில்லை, ஷவரிலிருந்து பனி மாதிரி தெறிக்கும் துளியோடு மூச்சுக்குள் போனால்தான் ஆபத்து, நேராக நுரையீரலில் போய் உட்காரும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். அதனால் திறந்து விடுகிறவன் ஷவரின் தலையைக் கழற்றிவிட்டு, குழலை வாளிக்குள் முக்கிப் பிடிக்க வேண்டும், முகத்தில் முகமூடி இருக்க வேண்டும். எனக்கு எல்லாம் தெரியும். வகுப்பில் கேள்வி கேட்டபோது முதலில் கையைத் தூக்கியவனே நான்தான்.

நாலாம் மாடியைப் பூட்டிய முதல் வாரம் முழங்கால் வலி. லிஃப்டை அந்த மாடியில் நிற்காதபடி செய்திருந்தார்கள், படி ஏற வேண்டும். அடுத்த வாரம் சேர்த்துச் செய்துகொள்ளலாம் என்று பதிவேட்டில் மட்டும் எழுதி வைத்தேன். அடுத்த வாரம் கால் வலிக்கவில்லை, ஆனால் எழுதுவது எவ்வளவு சுலபம் என்று தெரிந்துபோயிருந்தது. ஒரே எண்ணை எல்லா அறைக்கும் எழுதினால் சந்தேகம் வரும் இல்லையா? ஐம்பத்தைந்து, ஐம்பத்தாறு, ஐம்பத்துநாலு என்று மாற்றி மாற்றி எழுதினேன். கொதிகலனிலிருந்து தள்ளிக் கோடியில் இருக்கும் அறைகளுக்கு ஒரு டிகிரி குறைத்துப் போட்டேன். பொய்யிலும் தொழில் தெரிந்தவன் எழுதிய பொய். மேனேஜர் அந்தப் பதிவேட்டைப் பார்த்துவிட்டு, எல்லோரும் மெக்கானிக்கைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று கூட்டத்தில் சொன்னார். நானும் வெட்கமே இல்லாமல் சிரித்தேன்.

மாடியைத் திறக்கப் போகிறார்கள் என்று தெரிந்தபோது நான் மோட்டாருக்கு ஒரு பாகம் வாங்க வெளியே போயிருந்தேன். மறுநாள் காலை பதறியடித்து மேலே ஓடினேன். அறைகள் பளிச்சென்று இருந்தன. மூன்று அறைகளில் குழாயைத் திறந்து பார்த்தேன். தண்ணீர் கண்ணாடி மாதிரி வந்தது, நாற்றமும் இல்லை. என் அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டேன்.

காய்ச்சல் வந்த மறுநாளே பாப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வார்டு டாக்டர் ஒரு பெண். வேகமாகப் பேசுவார், ஆனால் நாம் பேசினால் காது கொடுத்துக் கேட்பார். எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் அடிப்பக்கம் வெள்ளையாக மூடியிருந்தது. இழுப்புக்கு முகத்தில் புகை மருந்து வைத்தார்கள். நிமோனியாவுக்கு ஊசி மருந்து ஏறியது. பிறகு டாக்டர் கேள்விகளாகக் கேட்டார். வீட்டில் புறா, கிளி ஏதாவது வளர்க்கிறீர்களா, சமீபத்தில் வெளியூர் போனதுண்டா, வேலை செய்யும் இடத்தில் வேறு யாருக்கும் இருமல் இருக்கிறதா, புதிதாக ஏதாவது நடந்ததா.

பாப்பா கட்டிலில் சாய்ந்திருந்தாள். நான் தலைமாட்டில் நின்றேன். அவள் என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு, தூசிதான் டாக்டர், ரொம்ப நாள் பூட்டியிருந்த அறைகளைச் சுத்தம் செய்தேன், எனக்குச் சின்ன வயதிலிருந்தே தூசி ஆகாது என்றாள். டாக்டர் என் பக்கம் திரும்பினார். ஆமாம், தூசி என்றால் இவளுக்கு உயிரே போய்விடும் என்றேன். வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனால் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. தண்ணீர் தெளிவாகத்தானே இருந்தது, நானே பார்த்தேனே என்று மனதுக்குள் சப்பைக்கட்டுக் கட்டிக்கொண்டேன்.

அடுத்த நாள் காய்ச்சல் இறங்கவில்லை. அவள் விரலில் ஒரு கிளிப்பை மாட்டியிருந்தார்கள். அதிலிருந்து வரும் எண் பக்கத்துத் திரையில் தெரியும். ரத்தத்தில் எவ்வளவு ஆக்ஸிஜன் இருக்கிறது என்று அது சொல்லும். தொண்ணூற்றுநாலுக்குக் கீழே போகக் கூடாது என்று நர்ஸ் சொல்லியிருந்தார். காலையில் தொண்ணூற்றுமூன்று. பத்து மணிக்குத் தொண்ணூற்றொன்று. ஆக்ஸிஜனைக் கூட்டினார்கள், தொண்ணூற்றுநாலு ஆனது. மதியம் மறுபடி தொண்ணூறு. பதினாறு வருடம் எண்களை எழுதியே பிழைத்தவன், ஒரு எண்ணைப் பார்த்து இப்படிப் பயந்தது அதுதான் முதல் தடவை. இந்த எண்ணை நான் நினைத்தபடி மாற்றி எழுத முடியாது.

சாயங்காலம் பாப்பாவுக்கு நினைவு தடுமாறியது. என் மனைவியைப் பார்த்து யாரோ அதிகாரியிடம் பேசுவது மாதிரி மரியாதையாகப் பேசினாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு நானூற்று ஒன்பது, நானூற்றுப் பத்து என்று அறை எண்களாக முணுமுணுத்தாள். காய்ச்சலிலும் இந்தப் பெண்ணுக்கு வேலை நினைப்பு போகவில்லையே என்று என் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்த வகுப்பில் கடைசியாகச் சொன்னது ஞாபகம் வந்தது: காய்ச்சல், இருமல், வயிற்றுப்போக்கு, அப்புறம் புத்தி தடுமாறும்.

மறுநாள் காலை டாக்டர் வருவதற்கு முன்பே வார்டு வாசலில் நின்றுகொண்டேன். வேலை போகும், அது எனக்குத் தெரியும். ஐம்பத்திரண்டு வயதில் முழங்கால் வலியோடு எவன் எனக்கு வேலை கொடுப்பான்? அதைவிட, நம்பகமானவன் என்று ஊர் முழுக்க எனக்கு ஒரு பெயர் இருந்தது, அதுவும் போகும். இரண்டையும் காப்பாற்றிக்கொண்டு பாப்பாவையும் காப்பாற்ற வழி இருக்கிறதா என்று இரண்டு நாளாகக் கணக்குப் போட்டு ஒரு வழி கண்டுபிடித்திருந்தேன். பாதி உண்மையைச் சொல்வது.

அந்த மாடி பதினோரு வாரம் மூடிக் கிடந்தது, தண்ணீர் குழாயிலேயே தேங்கியிருக்கலாம், அதனால் ஏதாவது வருமா என்று டாக்டரிடம் கேட்டேன், யாரோ ஒரு மூன்றாவது மனிதன் மாதிரி. டாக்டரின் முகம் மாறியது. இதை ஏன் முன்னாடியே சொல்லவில்லை என்று கேட்டார். அப்படி ஒரு கிருமி உண்டு, அதற்கு இப்போது ஏறுகிற மருந்து கேட்கவே கேட்காது, வேறு மருந்து இருக்கிறது என்றார். அப்பாடா என்று இருந்தது. மருந்தை மாற்றிவிடுவார், நான் தப்பித்தேன், பாப்பாவும் தப்பித்தாள்.

ஆனால் அந்த டாக்டர் எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் இல்லை. விடுதிக்கு அவரே போன் போட்டார். மேனேஜருக்குத் தன்மானம் பொத்துக்கொண்டு வந்திருக்க வேண்டும். எங்கள் விடுதியில் தண்ணீரைப் பற்றி ஒருவரும் குறை சொல்ல முடியாது என்று சொல்லி, பத்தே நிமிடத்தில் பதிவேட்டைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்பிவிட்டார். டாக்டர் பாப்பாவின் கட்டிலுக்கு வந்து, போனை என் முன்னால் நீட்டினார். என் கையெழுத்து. பதினோரு வாரம், இருபத்துநாலு அறைகள், ஒரு வரிகூட விடுபடவில்லை.

"இது நீங்க எழுதினதுதானே?" என்று கேட்டார்.

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"இவ்வளவு ஒழுங்கா ஒரு ரெக்கார்டை நான் பார்த்ததே இல்ல. வாராவாரம் திறந்து விட்டிருக்கீங்க, சூடும் சரியா இருக்கு. அப்போ தண்ணிமேல சந்தேகப்பட வழியில்ல."

அவர் மேற்கொண்டும் சொன்னார். அந்தக் கிருமியைக் கண்டுபிடிக்கும் சோதனை இங்கே இல்லையாம், சிறுநீரை வேறு இடத்துக்கு அனுப்ப வேண்டும், முடிவு நாளை சாயங்காலம்தான் வருமாம். அதுவரை மருந்தை மாற்றாமல் இருப்பதே நல்லது, ஏனென்றால் பாப்பாவின் இதயத் துடிப்பு ஏற்கெனவே கொஞ்சம் தடுமாறுகிறது, அந்த மருந்து துடிப்பை இன்னும் குழப்பலாம், வலுவான காரணம் இல்லாமல் அதைக் கொடுக்கத் தனக்கு மனம் வரவில்லை என்றார். அந்த வலுவான காரணத்தைத்தான் நான் பதினோரு வாரமாக அழகான எண்களால் மூடி வைத்திருந்தேன். திரையில் எண் எண்பத்தொன்பது என்று காட்டியது. டாக்டர் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார்.

"டாக்டர், அந்த நம்பர் எல்லாம் பொய்ங்க."

சத்தம் என்னுடையதுதான். பக்கத்துக் கட்டில்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

"நான் நாலாம் மாடிக்கு ஏறவே இல்ல. கீழ உட்கார்ந்த இடத்துலயே எழுதினேன். ஒரு குழாயைக்கூடத் திறக்கல."

"எத்தனை வாரம்?"

"பதினோரு வாரமும்."

டாக்டர் திரும்பி வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் என்னை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. நர்ஸைக் கூப்பிட்டு, மருந்தின் பெயரைச் சொல்லி, உடனே ஏற்றுங்கள், இதயத் துடிப்பைத் திரையிலேயே பார்த்துக்கொண்டிருங்கள் என்றார். சிறுநீரையும் சோதனைக்கு அனுப்பச் சொன்னார். என் மனைவி கட்டில் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். பாப்பா ஆக்ஸிஜன் முகமூடியோடு கண்ணை மூடிக் கிடந்தாள். அவளுக்குக் கேட்டதா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை.

மேனேஜருக்கு நானே போன் செய்தேன். அந்த மாடியில் இருப்பவர்களை உடனே கீழே மாற்றுங்கள், ஒருவரும் ஷவரைத் திறக்க வேண்டாம் என்று சொல்லி, காரணத்தையும் சொன்னேன். இனிமேல் வேலைக்கு வர வேண்டாம், சாவியை மட்டும் யாரிடமாவது கொடுத்தனுப்பு என்றார் அவர். நல்லவேளையாக அங்கே தங்கியிருந்தவர்களில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

மறுநாள் சாயங்காலம் சோதனை முடிவு வந்தது. அதே கிருமிதான். ஆனால் மருந்து ஏறிவிட்டது என்பதற்காக எண் உடனே ஏறிவிடவில்லை. அன்றைக்கு முழுக்க எண்பத்தெட்டுக்கும் தொண்ணூற்றொன்றுக்கும் நடுவே ஊசலாடியது. துடிப்பு தாறுமாறாகிற போதெல்லாம் திரை கூவும், நர்ஸ் ஓடி வருவார், நான் எழுந்து சுவரோடு ஒட்டிக்கொள்வேன். மருந்தைத் தாமதப்படுத்தியதும் நான், இதயத்துக்கு ஆகாத மருந்தை ஏற்ற வைத்ததும் நான். இவள் போய்விட்டால் நானும் போய்விட வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டேன். பேச்சுக்குச் சொல்லவில்லை, அப்படித்தான் நினைத்தேன்.

மருந்து மாற்றிய நாலாம் நாள் காலையில் தொண்ணூற்றைந்து. காய்ச்சல் நூறுக்கு வந்திருந்தது. பாப்பா கண்ணைத் திறந்து என் மனைவியை "அண்ணி" என்று கூப்பிட்டாள். மனைவி அழுத அழுகையைப் பார்த்துப் பக்கத்துக் கட்டில்காரர் பயந்துவிட்டார்.

அதற்கு அடுத்த நாள், மூக்கில் சின்னக் குழாய் போதும் என்று முகமூடியைக் கழற்றிவைத்தார்கள். மூச்சு வாங்கினால் மறுபடி மாட்டிக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். மனைவி துணி எடுத்துவர வீட்டுக்குப் போயிருந்தாள். நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தோம். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் போர்வை நுனியை இழுத்து விட்டுக்கொண்டே இருந்தேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். முழங்கால் வலியில் ஆரம்பித்துப் பதிவேடு வரைக்கும். என்னை மன்னித்துவிடு என்று சொல்ல வாய் வரவில்லை, அழுகைதான் வந்தது.

"அழாதண்ணா. எனக்கு அன்னிக்கே தெரியும்," என்றாள் பாப்பா.

டாக்டரிடம் நான் சொன்னதைக் கேட்டிருக்கிறாள் என்று நினைத்தேன். அவள் இல்லை என்று தலையை அசைத்தாள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கினாள்.

"மாடியைச் சுத்தம் பண்ணின அன்னிக்கே தெரியும். முதல் ரூம்ல குழாயத் திறந்தேன். தண்ணி டீ கலர்ல வந்துச்சு, நாத்தம் வேற. நீ வாராவாரம் திறந்திருந்தா அப்படி வருமா?"

மறுநாள் நான் திறந்து பார்த்தபோது கண்ணாடி மாதிரி வந்ததே என்றேன்.

"மறுநாள் மேனேஜர் வந்து பார்க்கிறதா இருந்துச்சு. பார்த்தா உன் வேலை போயிடும். அதான் எல்லா ரூம்லயும் நானே திறந்து விட்டேன். குழாய், ஷவர், எல்லாமே. சத்தம் வெளிய கேட்கக் கூடாதுன்னு கதவைச் சாத்திக்கிட்டு உள்ளேயே நின்னேன்."

"எவ்வளவு நேரம் நின்னே?"

"ஒவ்வொண்ணும் அஞ்சு நிமிஷம். நீதான் வீட்டுல சொல்லிக்கிட்டே இருப்பியே."

ஷவரின் தலையைக் கழற்ற வேண்டும் என்றும், முகமூடி போட வேண்டும் என்றும் நான் வீட்டில் சொன்னதில்லை. ஐந்து நிமிடத்தை மட்டும்தான் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். ஏற்கெனவே தூசியில் இழுத்துக்கொண்டிருந்த நெஞ்சோடு, இருபத்துநாலு குளியலறைகளில், மூடிய கதவுக்குப் பின்னால் அவள் அந்தத் துளிகளுக்குள் நின்றிருக்கிறாள்.

டாக்டர் அத்தனை கேள்வி கேட்டாரே, அப்போதே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்ட குரலில் கோபம்கூட இருந்தது, என்மேல் பட வேண்டிய கோபம்.

"நீ பக்கத்துல நின்னுக்கிட்டிருந்தே," என்றாள். "நீயே சொல்லல. நான் எப்படிண்ணா சொல்றது?"

அதற்கு மேல் பேச அவளுக்கு மூச்சு போதவில்லை. முகமூடியை எடுத்து நானே அவளுக்கு மாட்டிவிட்டேன்.